பத்தொன்பது பண்ணைகளின் வரைபடம்

லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியறையை நாங்கள் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். சன்னல் பக்கம் என் மேசை. கடிதம், சான்றிதழ், ஒப்பந்தம் எதுவானாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றித் தருவது என் தொழில். சுவர்ப் பக்கம் ரபியாவின் மேசை. இணையக் கேபிள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவருடைய தொழில்.

ரபியாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அவருடைய அப்பா முகைதீன் ஆரப் ஸ்திரீட்டில் துணி வியாபாரம் செய்தவர். மகள் கடைக்கு வராமல் பாலிடெக்னிக்கில் தொலைத்தொடர்பு படித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் குழப்பம். படிப்பு முடிந்ததும் கேபிள் பதிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்த ரபியா, இருபத்தொரு வருஷம் அங்கேயே இருந்தார். நிறுவனம் கை மாறியபோது வரைபடப் பிரிவு முழுவதையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கணவர் சுஹைப்புக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. ஒரே மகள் மர்யம் அப்போது பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். தெம்பனிஸில் வீடு. சும்மா உட்கார முடியாமல்தான் ரபியா இந்த அறைக்கு வந்து சேர்ந்தார்.

அவரோடு தெருவில் நடப்பது சிரமம். தலையைக் குனிந்து நடைபாதையின் இரும்பு மூடிகளைப் பார்த்துக்கொண்டே வருவார். இதற்குள் தண்ணீர் நிற்கும், இந்தக் குழாய் நிறைந்துவிட்டது என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். வரைவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கண்ணில் பட்ட எதையும் தாளில் விட்டுவைக்க மாட்டார். தண்ணீர்த் தொட்டி, நாய்க்கூண்டு, சாய்ந்த வேலி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சந்தேகமானதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். பழைய நிறுவனத்தில் அதை மெச்சினார்கள். அவர் வரைபடத்தை வைத்துத் தோண்டினால் எதுவும் உடையாது என்பார்கள்.

நிரஞ்சனா எங்கள் மாடிக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பத்தைந்து வயதிருக்கும். பண்ணைச் சேறு காய்ந்த காலணிகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தீவின் வடமேற்கில், லோரோங் சாயோர் என்ற சந்தின் இருபக்கமும் பத்தொன்பது பண்ணைகள். அதில் ஒன்றில் அவர் கறிவேப்பிலையும் முருங்கையும் வாழையிலையும் போடுகிறார். தேக்கா மார்க்கெட்டில் பாதிக் கடைகளுக்கு அவருடைய வேன்தான் இலை கொண்டுவந்து இறக்குகிறது. பண்ணைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதற்கு அவர் செயலாளர்.

அந்தச் சந்தில் கைப்பேசிச் சிக்னல் மழை வந்தால் போய்விடும். போன மாதம் ஒரு பிற்பகல் பெருமழையில் லிம் என்பவருடைய மீன் பண்ணையில் காற்றுப் பம்பு நின்றுபோனது. எச்சரிக்கைச் செய்தி அவர் கைப்பேசிக்குப் போய்ச் சேரவேயில்லை. அவர் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது ஆறு குளத்து மீன்களும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இணைய நிறுவனங்களைக் கேட்டால், அரசாங்க நிலத்தின் குத்தகை முடிய நாலு வருஷம்தான் இருக்கிறது, அதற்காக இவ்வளவு தூரம் கேபிள் இழுக்க முடியாது என்கிறார்களாம்.

"நாங்களே போட்டுக்கலாமா அக்கா?" என்று கேட்டார் நிரஞ்சனா.

போடலாம் என்றார் ரபியா. பெரிய சாலையில் நிறுவனத்தின் கேபிள் வந்து முடியும் இடத்திலிருந்து சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு பெரிய இணைப்பு வாங்க வேண்டும். அதை ஒரு சிறிய அறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சந்தைச் சுற்றி வளையமாகக் கேபிள் போட்டு, ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கிளை பிரிக்க வேண்டும். வளையம் என்பதால் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாக ஓடும். யாரும் யாருக்கும் வாடகைக்காரர் இல்லை. ரபியா பேசப் பேச நிரஞ்சனாவின் முகம் தெளிந்தது. ரபியாவின் முகமும்தான். ஒரு வருஷமாக அவருக்கு உருப்படியான வேலை எதுவும் வந்திருக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரமும் ரபியா லோரோங் சாயோரில்தான் இருந்தார். தெம்பனிஸிலிருந்து ரயில் ஏறி, இரண்டு பஸ் மாறி, காலை எட்டரைக்குச் சந்தின் வாயிலில் இறங்குவார். தூரம் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, கழுத்தில் ஜிபிஎஸ் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு பண்ணை பண்ணையாக நடந்தார். ஒவ்வொரு பண்ணைக்கும் டி ஒன்று, டி இரண்டு என்று ஓர் எண் கொடுத்தார். பண்ணைக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இன்னோர் எண். கேபிள் எந்தக் கூரையில் ஏறும், எந்தச் சுவரைத் துளைக்கும் என்பதற்கு அது வேண்டும்.

மக்கள் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் பூட்டு போட்டிருப்பார்கள். இவர் தங்களுக்காக வந்தவர். தலையில் முக்காட்டுக்கு மேல் ஒரு வைக்கோல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் நிற்பவர். லிம் தாமே முன்னால் நடந்து, அனுமதியில்லாமல் நீட்டிக் கட்டிய குளத்தைக் காட்டினார். காளான் பண்ணையில் வேலையாட்கள் மதியம் படுக்கும் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள்.

ஏழாவது பண்ணை துரைசாமியுடையது. அறுபது ஆடுகள். பால் கறந்து லிட்டில் இந்தியாவில் வீடு வீடாகவும் இரண்டு கோயில்களுக்கும் கொடுத்துவந்தார். கொட்டகைக்குப் பின்னால், பலாமரத்தை ஒட்டி, சிமெண்டுப் பலகையில் கட்டிய ஓர் அறை இருந்தது. அதில் அவருடைய தம்பி மனைவி நாகம்மா இருந்தார். தம்பி நோயில் கிடந்தபோது வீட்டை விற்றாகிவிட்டது. அவர் போன பிறகு நாகம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. பண்ணை நிலத்தில் குடியிருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து வருஷமாக அவர் அங்கேதான் இருந்தார்.

"இது கணக்குல இல்லாத ரூம்மா," என்றார் துரைசாமி.

"எனக்குக் கேபிளுக்குத்தான் அண்ணே," என்றார் ரபியா.

நாகம்மா பார்லி தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு ரபியா அறையின் நாலு மூலைகளையும் குறித்துக்கொண்டார். டி ஏழு, கட்டடம் ஆறு. குறிப்புக் கட்டத்தில் 'குடியிருப்பு' என்று எழுதி, ஒரு கணம் யோசித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

மூன்றாவது வாரத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். சந்தின் ஓரத்தில், புல்லுக்குள், ஆரஞ்சுச் சாயம் பூசிய சிறிய மரமுளைகள் அடித்திருந்தன. தலையில் பிளாஸ்டிக் நாடா. முதலில் இரண்டைப் பார்த்தார். குனிந்து தேடிக்கொண்டே நடந்ததில் இருபதுக்கு மேல் எண்ணினார். அவர் அடித்ததல்ல. சங்கத்தில் யாரும் அடிக்கவில்லை. சாயம் புதிது, கைக்கு ஒட்டியது. முளைகள் சந்தின் வளைவோடு திரும்பவில்லை. வளைவு வந்த இடத்தில் நேராகவே போய் நாலாவது பண்ணையின் வேலியைத் தாண்டி, கீரைப்பாத்திகளுக்கு நடுவே தொடர்ந்து, அடுத்த பண்ணையின் கோழிக்கூண்டுகளுக்கு அடியில் மறைந்தன. அங்கே பண்ணையே இல்லை என்பதுபோல் போட்ட கோடு அது.

நாலாவது பண்ணைக்காரரிடம் கேட்டார். ஏதோ தண்ணீர்க் குழாய் வேலை என்று இரண்டு பேர் வந்தார்களாம். சட்டையில் பெயர் இல்லையாம்.

அன்று மாலை அறைக்கு வந்து எனக்கு இதைச் சொன்னபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கேபிள் வரைகிறவருக்கு நேர்க்கோடு என்றால் என்ன என்று தெரியும். பெரிய சாலை வரும்போதுதான் யாரும் வளைவைப் பொருட்படுத்தாமல் நேராக முளை அடிப்பார்கள் என்றார். பிறகு, இருக்காது, நான் ரொம்ப யோசிக்கிறேன் என்று அவரே பேச்சை மாற்றிவிட்டார்.

சாலையோரத்தில் கேபிள் போட அனுமதி வாங்க வேண்டும். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். வழக்கமாகக் கேபிள் போகும் கோட்டை மட்டும் கொடுத்தால் போதும், ஆறேழு வாரத்தில் பதில் வரும். இந்த முறை கவுன்டரில் இருந்த இளைஞர், முழு வரைபடமும் வேண்டும் என்றார். கட்டடங்கள், எண்கள், குறிப்புகள், அட்டவணை, எல்லாம். எதற்கு என்று ரபியா கேட்டார். இப்போது அப்படித்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அவர், மரியாதையாகவே. ரபியா பையிலிருந்து கோப்புகள் இருந்த தம்ப் டிரைவை எடுத்துக் கொடுத்தார். இருபத்தொரு வருஷமாக அவர் எந்தக் கவுன்டரிலும் கேட்டதைக் கொடுத்தே பழகியவர்.

ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது.

சுஹைப் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார் என்று ரபியா பிறகு சொன்னார்.

"ஒன்பது நாளா? யாருக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டாராம்.

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை ரபியா என்னிடமும் காட்டினார். கேபிளை ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேல்மண்ணில், எடுத்துவிடக்கூடிய குழாயில்தான் போட வேண்டும். முப்பது நாள் அறிவிப்பில் முழுவதையும் அகற்ற வேண்டும். அனுமதி பதினெட்டு மாதத்துக்கு. குத்தகைக்கு நாலு வருஷம் மீதி இருக்கும்போது இவர்கள் ஏன் பதினெட்டு மாதம் என்கிறார்கள் என்று அவர் கேட்டார். எனக்கு என்ன தெரியும்.

அவர் நிரஞ்சனாவுக்குப் போன் செய்து முளைகளையும், ஒன்பது நாளையும், பதினெட்டு மாதத்தையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு இருந்தது. பத்தொன்பது பேரும் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். ஒரு ஆள் பின்வாங்கினாலும் வளையம் முடியாது.

"இப்ப சொல்லாதீங்க அக்கா. உறுதியா எதுவும் தெரியாதுல்ல? சொன்னா சங்கமே உடைஞ்சிடும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பஃபலோ ரோட்டில் ஓர் இலைக்கடையின் மேல்மாடியில் நடந்தது. தீர்மானத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தந்தவன் நான் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. ரபியா வரைபடத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினார். அழகாக இருந்தது அந்த வரைபடம். ஒவ்வொருவரும் எழுந்து வந்து தங்கள் பண்ணையைத் தேடி விரலை வைத்துப் பார்த்தார்கள். தன் குளத்தின் வளைவு அப்படியே இருப்பதைக் கண்டு லிம் சிரித்தார்.

கைதூக்குவதற்கு முன் துரைசாமி எழுந்தார்.

"ரபியாம்மா, நீங்க ஆபீசுக்கெல்லாம் போய்வர்றவங்க. இவ்வளவு செஞ்சு போடுறோம். நம்ம இங்க இருப்போமா?"

ரபியா நிரஞ்சனாவைப் பார்க்கவில்லை. வரைபடத்தைத்தான் பார்த்தார்.

"கேபிள் இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும் அண்ணே," என்றார்.

துரைசாமி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது கைகளும் உயர்ந்தன. படியிறங்கும்போது ரபியா என்னிடம், அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்றார். தெரியும் என்றேன்.

வேலை இரண்டரை மாதத்தில் முடிந்தது. ஞாயிறுகளில் பண்ணைக்காரர்களே குழாய் இழுத்தார்கள். ஏழாவது பண்ணையின் கருவி அறையில் இணையப் பெட்டிகளை வைத்தார்கள். முதல் நாள் இணைப்பு வந்தபோது நாகம்மா ஈப்போவிலிருந்த தன் அக்காவைத் திரையில் பார்த்து ஒரு மணி நேரம் பேசினார். நவம்பர் மழையில் லிம்மின் பம்பு மறுபடியும் நின்றது. இந்த முறை எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. அவர் வந்து மாற்றுப் பம்பைப் போட்டார். ஒரு மீன்கூடச் சாகவில்லை. மறுநாள் எங்கள் அறைக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு வந்தது. அந்த வாரங்களில் ரபியா நன்றாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் டேப்லெட் பிடித்த ஆட்கள் லோரோங் சாயோருக்கு வரத் தொடங்கினார்கள். இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். முன்பெல்லாம் அதிகாரிகள் வந்தால் வழி கேட்பார்கள், யார் இருக்கிறீர்கள் என்று கூப்பிடுவார்கள். இவர்கள் யாரையும் எதையும் கேட்கவில்லை. நேராக நடந்து காளான் பண்ணையின் பின்பக்கம் போனார்கள், தகரக் கொட்டகைக்கு முன் நின்றார்கள், திரையைப் பார்த்தார்கள், விரலால் ஒரு தட்டு தட்டினார்கள், அடுத்ததற்குப் போனார்கள். நிரஞ்சனா ஒருநாள் அவர்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். வெளியிலிருந்து தெரியவே தெரியாத இடங்களுக்கெல்லாம் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் போனார்கள் என்று ரபியாவிடம் போனில் சொன்னார்.

ரபியா போனை வைத்தார். பிறகு கணினியைத் திறந்து அந்தப் பழைய அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். நான் என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

ஜனவரி மூன்றாவது வாரம் துரைசாமி எங்கள் மாடிக்கு வந்தார். ரபியாவைப் பார்க்க வரவில்லை. என்னைப் பார்க்கத்தான் வந்தார். கையில் ஒரு நீளமான உறை. கடிதம் நாகம்மா பெயருக்கு வந்திருந்தது. அதைத் தமிழில் எழுதித் தர வேண்டும், நாகம்மா தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கிறது என்றார். அவருடைய பண்ணைக்கும் தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. அதை அவர் மகன் ரித்திக் படித்துச் சொல்லிவிட்டானாம். பொதுத் தேவைக்காக லோரோங் சாயோர் நிலம் முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. எல்லாப் பண்ணைகளுக்கும் பதினாலு மாத அவகாசம்.

ரபியா தம் மேசையில்தான் இருந்தார். துரைசாமி அவருக்கும் வணக்கம் சொன்னார்.

நான் நாகம்மாவின் கடிதத்தைப் பிரித்து, எப்போதும் செய்வதுபோல் முதலில் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப்பார்த்தேன். அனுமதியற்ற குடியிருப்பு, இருபத்தொரு நாளில் காலி செய்ய வேண்டும், மீறினால் நடவடிக்கை. இரண்டாம் பக்கம் இணைப்பு. அந்தப் பண்ணையில் இருக்கும் கட்டடங்களின் பட்டியல்.

"டி ஏழு, ஒன்று: ஆட்டுக்கொட்டகை. டி ஏழு, இரண்டு: பால் அறை. மூன்று: தீவனக் கிடங்கு. நான்கு: தண்ணீர்த் தொட்டி. ஐந்து: கருவி அறை. டி ஏழு, ஆறு: குடியிருப்பு. இதுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி இருக்கு. அச்சுப்பிழை போல," என்றேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரபியா எழுந்து நின்றார்.

"அந்தக் கேள்விக்குறி நான் போட்டது," என்றார்.

துரைசாமிக்கு முதலில் விளங்கவில்லை. ரபியா அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். எண்கள் அவர் கொடுத்தவை. வரிசை அவருடையது. சொற்கள் அவருடையவை. கவுன்டரில் கேட்டதும் கொடுத்ததையும், அதற்கு முன்பே ஆரஞ்சு முளைகளைப் பார்த்ததையும், கூட்டத்தில் அவர் நேராகக் கேட்டபோது கேபிளைப் பற்றிப் பேசியதையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

"கேட்டாங்க, குடுத்துட்டீங்க," என்றார் துரைசாமி.

"ஆமா அண்ணே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லா."

அவ்வளவுதான் சொன்னார். நான் எழுதி முடிக்கும்வரை படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தார். என் மேசைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிக்கு அவர் திரும்பி வரவில்லை.

அந்த வாரத்திலேயே மற்ற எல்லோருக்கும் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் இணைப்பு, ஒவ்வொன்றிலும் ரபியாவின் எண்கள். லிம்முக்கு நீட்டிக் கட்டிய குளத்துக்குத் தனி விளக்கம் கேட்டிருந்தார்கள். காளான் பண்ணையின் தகரக் கொட்டகையை உடனே இடிக்கச் சொன்னார்கள். நிலம் எடுக்கும் முடிவு ரபியாவின் வரைபடத்தால் வந்ததில்லை. அது எப்போதோ, எங்கேயோ எடுக்கப்பட்ட முடிவு. முளைகள் அதற்குச் சாட்சி. ஆனால் யார் எத்தனை நாளில் போக வேண்டும், யாருக்கு இழப்பீட்டில் எது கழியும் என்பதையெல்லாம் அந்த அட்டவணைதான் தீர்மானித்தது. வேறு எந்த அட்டவணையும் அவர்களிடம் இருக்கவில்லை.

ரபியா சங்கக் கூட்டத்துக்குத் தாமே போனார். போகாதே என்று சுஹைப் சொல்லிப் பார்த்தார். பஃபலோ ரோட்டு மாடியில், அதே சுவருக்கு முன்னால் நின்று, துரைசாமியிடம் சொன்னதையே எல்லோரிடமும் சொன்னார். கத்துவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். யாரும் கத்தவில்லை. லிம் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். நிரஞ்சனா கைகளை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது தான்தான் என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ரபியாவும் அவர் பெயரை எடுக்கவில்லை.

நாகம்மாவுக்காக மேல்முறையீடு செய்தார்கள். ரபியா சாட்சியாகப் போனார். துரைசாமி ஒரு பக்கம், நாகம்மா நடுவில், இவர் மறுபக்கம். மொழிபெயர்க்க நான். குளிர்ச்சியான, சுத்தமான அறை. எதிரே இருந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, ஒரு நிமிஷம்கூட மரியாதை தவறாதவர். அந்தக் குறிப்பு கேபிள் வேலைக்காக எழுதியது, உறுதி செய்யப்படாதது, அதனால்தான் கேள்விக்குறி, அதை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்று ரபியா சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கொடுக்கப்பட்ட ஆவணங்கள் எல்லாம் அலுவலகத்தின் பதிவுகளாகிவிடும் என்று விளக்கினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று சொல்கிறீர்களா?

ரபியா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நாகம்மா அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இருபத்தொரு நாள் முப்பதாக நீண்டது. கிடைத்தது அதுதான். நாகம்மா இரண்டு பெட்டிகளோடு பொங்கோலுக்குப் போனார். அங்கே ரித்திக்கும் அவன் மனைவியும் பன்னிரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர் போன மறுநாளே டி ஏழு, ஆறை இடித்துவிட்டார்கள். பலாமரத்தையும்.

பதினாலு மாதம் முடியும்வரை யாரும் இருக்கவில்லை. லிம் முதலில் போனார். பிறகு காளான் பண்ணை. நிரஞ்சனா எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் நிலம் பார்த்துக்கொண்டு போனார். போவதற்கு முன் எங்கள் மாடிக்கு ஒருமுறை வந்து, ரபியா இல்லாததால் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். ஒவ்வொரு பண்ணை மூடும்போதும் வளையத்தில் ஒரு துண்டை அகற்ற வேண்டியிருந்தது. அனுமதிக் கடிதத்தின்படி அது திட்டமிட்டவரின் பொறுப்பு. ரபியா தாமே போய்க் கேபிளைச் சுருட்டினார். மறுபக்கத்திலிருந்து கேபிளை எடுத்துக் கொடுக்க யாரும் வராத நாட்களில் சுஹைப் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். கடைசிப் பெட்டியைக் கழற்றிய அன்று துரைசாமி ஆடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொண்டார்களா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு ரபியா வரைவதை விட்டுவிட்டார். சாங்கியில் சுஹைப் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. அவருடைய மேசையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டோம். ரம்ஜான் மாதத்தில் அவர் வீட்டிலிருந்து எனக்கு நோன்புக் கஞ்சி வருவதுண்டு.

போன மாதம் நாகம்மா எனக்குப் போன் செய்தார். ஆங்கிலத்தில் ஏதோ தாள் வந்திருக்கிறது, ரித்திக்கும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள், வந்து படித்துச் சொல்ல முடியுமா என்றார். ரபியாவிடம் சொன்னேன். நானும் வருகிறேன் என்றார். பொங்கோல் நிலையத்தில் சந்தித்துக்கொண்டு இருவரும் போனோம். வாசலில் அவரைப் பார்த்ததும் நாகம்மா ஒரு நொடி நின்றார். பிறகு உள்ளே வாங்க என்றார்.

வீடு சுத்தமாக, சின்னதாக இருந்தது. ஹாலின் மூலையில் மடித்து வைத்த மெத்தை. நாகம்மா கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுத் தாளைக் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வாடகை வீடுகளைப் பற்றிய விவரச் சேகரிப்பு. இந்த முகவரியில் தற்போது தங்கியிருக்கும் எல்லோருடைய பெயரும், அடையாள அட்டை எண்ணும், எப்போதிலிருந்து என்பதும். கீழே கையெழுத்து.

வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பேர்தான் என்றார் நாகம்மா. எத்தனை பேர் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"நீங்களே நிரப்பிக் குடுத்திடுங்க. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது," என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன். முதல் கட்டத்தில் முகவரியை எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்குப் பேனா போனபோது ரபியா கையை நீட்டித் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரித்திக் வரட்டும் அக்கா," என்றார். "அவன்கிட்ட கேட்டுட்டு எழுதலாம். அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்."

நாகம்மா அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதாம விட்டா வந்து பார்ப்பாங்களா?"

"தெரியல அக்கா," என்றார் ரபியா.

நாகம்மா தாளை நாலாக மடித்து டிவிக்கு அடியில் வைத்தார். அப்புறம் போய், திறந்திருந்த வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.